சொந்தக் கடை போட வாடகைக்காரரைக் காலி செய்ய வைப்பது: பாலக்காட்டு எல்லையில் இருப்பவர்களுக்கு ஐந்து வழிகள், ஓர் ஒப்பீடு

கொழிஞ்சாம்பாறை, சித்தூர், தத்தமங்கலம், கோவிந்தாபுரம் பக்கம் கடைமுறி (கடைக்கான அறை) வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்களில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. அப்பா காலத்தில் மாத வாடகைக்கு விட்ட முறி. வாடகைக்காரர் பல வருடமாக அங்கேயே பிழைக்கிறார். இப்போது வீட்டுப் பையன் கோயம்புத்தூர் வேலையை விட்டுவிட்டு வந்து, நம்ம முறியிலேயே கடை போடுகிறேன் என்கிறான். கேஸ் போடுவதா, பேசிப் பார்ப்பதா, இடித்துக் கட்டுவதாகச் சொல்வதா?

கடைக்காரர்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். அதனால் கட்டிட முதலாளியும் வருவார், வாடகைக்காரரும் வருவார். முதலாளிகள் முதலில் கேட்பது, "எந்த வழியில போனா ஜெயிக்கும்?" என்பதுதான். அதைவிட முக்கியமான கேள்விகள் இரண்டு: உங்கள் கடையின் ஷட்டரை நீங்கள் எந்த மாதத்துக்குள் தூக்கியாக வேண்டும்? இப்போது உள்ளே இருப்பவர் எங்கே போவார்? இவற்றுக்குப் பதில் இருந்தால் எந்த வழி என்பது பெரும்பாலும் தானே தெரிந்துவிடும். கேரளச் சட்டமும் ஏறக்குறைய இந்த இரண்டைத்தான் கேட்கிறது.

## வழியைப் பார்க்கும் முன்: எந்தச் சட்டம் உங்களுக்கு?

முதலாளி பொள்ளாச்சியில் குடியிருக்கலாம், வாடகைச் சீட்டைத் தமிழில் எழுதியிருக்கலாம். ஆனால் கட்டிடம் எந்த மாநிலத்தில் நிற்கிறதோ அந்த மாநிலச் சட்டம்தான். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கும் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், எழுத்து ஒப்பந்தமும் வாடகை அதிகாரியிடம் பதிவும் வேண்டும் என்கிறது. வாளையாறு தாண்டினால் அது செல்லாது. இங்கே 1965-ஆம் ஆண்டின் கேரளக் கட்டிடங்கள் (குத்தகை, வாடகைக் கட்டுப்பாடு) சட்டம். நகரி, புத்தூர் பக்கம் கட்டிடம் வைத்திருப்பவர்களுக்கு ஆந்திர மாநிலச் சட்டம். கீழே நான் எழுதுவது கேரளத்துக்கு மட்டும்.

கேரளத்துக்குள்ளும் ஒரு பிரிவு உண்டு. 1965-ஆம் ஆண்டுச் சட்டம் அரசு அறிவித்த பகுதிகளில்தான் நடப்பில் இருக்கும். முனிசிபாலிட்டிக்குள் கட்டிடம் இருந்தால் பெரும்பாலும் சட்டம் பொருந்தும். கிராமப் பஞ்சாயத்து என்றால் அறிவிப்பு இருக்கிறதா என்று வக்கீலிடம் முதல் நாளே கேட்டுவிடுங்கள். அறிவிப்பு இல்லாத இடத்தில் சொத்து மாற்றுச் சட்டத்தின் 106-ஆவது பிரிவுதான். மாத வாடகைக்கு 15 நாள் நோட்டீஸ் கொடுத்து, சிவில் கோர்ட்டில் ஒழிப்பு வழக்கு, அதாவது காலி செய்ய வைக்கும் வழக்குப் போடலாம். உங்கள் தேவையை நிரூபிக்க வேண்டியதே இல்லை. இரண்டு ஊர்கள் நாலு கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் இந்த ஒரு காரணத்தால் கேஸின் கனமே மாறிப்போகும்.

இன்னும் நான்கு தடைகளைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

வாடகைச் சீட்டில் காலம் குறித்திருந்தால், அந்தக் காலம் முடியும்வரை ஒழிப்பு மனுப் போட முடியாது.

நீங்கள் கட்டிடத்தைக் கிரயமாகவோ தானமாகவோ எழுதி வாங்கியவர் என்றால், சொந்தத் தேவை மனுவுக்குப் பத்திரத் தேதியிலிருந்து ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். மகன் பேருக்கு எழுதிவைத்துவிட்டு அவன் பேரிலேயே கேஸ் போடலாம் என்று நினைக்கும் அப்பாக்கள் ஒரு வருடத்தைத் தாமே இழக்கிறார்கள். கட்டிடம் அப்பா பேரிலேயே இருக்கட்டும். தன்னைச் சார்ந்திருக்கும் மகனுக்காக அப்பாவே மனுப் போடலாம்.

வாடகைக்காரர் குடும்பம் 1940 ஏப்ரல் 1-லிருந்தே தொடர்ந்து அதே முறியில் இருந்தால், சொந்தத் தேவை என்று சொல்லிக் கடையை ஒழிக்க 1965-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11(17)-ஆவது பிரிவு விடாது. பழைய அங்காடித் தெருக்களில் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம்.

கடைசியாக, நீங்கள் விட்டது வெறும் நிலத்தை மட்டும்தானா? வியாபாரத்துக்காக எடுத்த நிலத்தில் வாடகைக்காரரே 1967 மே 20-க்கு முன் கட்டிடம் எழுப்பியிருந்தால், கேரள நிலச் சீர்திருத்தச் சட்டத்தின் 106-ஆவது பிரிவு அவரை ஒழிப்பிலிருந்து காக்கிறது. அப்படியானால் பேசித் தீர்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

## எதை வைத்து எடை போடுவது

ஐந்து விஷயங்களைப் பார்க்கிறேன். முறி எப்போது கைக்கு வரும் என்பது முதலாவது. இரண்டாவது, நீங்கள் எதை நிரூபிக்க வேண்டும், வாடகைக்காரர் எதை நிரூபிக்க வேண்டும் என்பது. மூன்றாவது செலவு. வக்கீல் ஃபீஸ் மட்டும் செலவு ஆகாது. சந்தை வாடகைக்கும் நீங்கள் வாங்கும் பழைய வாடகைக்கும் உள்ள வித்தியாசம், கடை தொடங்கத் தள்ளிப்போகும் மாதங்கள் எல்லாம் சேர்ந்ததுதான் செலவு. நான்காவது, முறி கைக்கு வந்த பிறகு உங்கள் மேல் இருக்கும் கட்டுப்பாடு. ஐந்தாவது ஊர். சின்ன அங்காடியில் இருபது வருடக் கடைக்காரரை எப்படி வெளியே அனுப்பினீர்கள் என்பதை உங்கள் மகனிடம் சாமான் வாங்க வருகிறவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். இது கோர்ட்டுக்கு வேண்டாத விஷயம். கடை போடப் போகிறவனுக்கு மிகவும் வேண்டியது.

## முதல் வழி: பேசி, எழுதி, பணம் கொடுத்து முடிப்பது

"பேசியாச்சுங்க, அவர் கேக்கறதில்லை" என்று வருகிறவர்களிடம் என்ன பேசினீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் "காலி பண்ணுங்க" என்பதை மட்டும் நாலு தடவை சொல்லியிருப்பார்கள். பேச்சு என்றால் கையில் மூன்று விஷயங்களோடு போக வேண்டும்: ஒரு தேதி, ஒரு தொகை, ஒரு மாற்று இடம்.

மாற்று இடம்தான் மற்ற இரண்டையும்விடக் கனமானது. தையல்காரருக்குத் தெருமுகப்பு அவ்வளவு முக்கியம் இல்லை, மாடிமுறி போதும். செல்போன் கடைக்கு முகப்பு வேண்டும். டீக்கடைக்குப் பஸ் ஸ்டாப்பும் தண்ணீரும் வேண்டும். அவருக்கு என்ன வேண்டும் என்று முதலில் பார்த்து, அதே வீதியில் காலி முறிகளை நீங்களே நடந்து விசாரித்து, இரண்டு மூன்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். "ஏனுங்கண்ணா, பையனுக்கு முறி வேணுங்க. பேங்க்குக்கு எதிர்ல ஒரு ரூம் காலியா இருக்குது, அட்வான்ஸ் நான் பாத்துக்கறேன்" என்பது ஒரு பேச்சு. அதற்கு எதிரில் உட்கார்ந்து ஒருவர் பதில் சொல்ல முடியும்.

தொகைக்கு நான் சொல்லும் கணக்கு இது. இப்போதைய வாடகை 6,000 ரூபாய், அந்த முறிக்கு இன்று வெளியே 15,000 கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 9,000 வித்தியாசம். கேஸ் மூன்று வருடம் இழுத்தால் 36 மாதத்துக்கு 3,24,000 ரூபாய். அதோடு வக்கீல் செலவு, பையன் சும்மா இருக்கும் மாதங்களின் வருமானம். இந்த மொத்தத்தில் பாதியை மனமுவந்து கொடுத்துவிட்டால்கூட நீங்கள் நஷ்டப்படவில்லை. அந்தக் காலத்தில் பகிடி (கடைக்குள் வருவதற்காகக் கொடுக்கும் ஒட்டுமொத்தத் தொகை) கொடுத்து உள்ளே வந்தவர் என்றால் அதையும் கணக்கில் சேர்க்காமல் பேச்சு நகராது. அட்வான்ஸைத் திருப்பித் தருவதைச் சலுகை மாதிரி பேசாதீர்கள், அது அவர் பணம்.

இந்த வழியில் ஆபத்து எழுத்தில் இருக்கிறது. வாய்ப்பேச்சில் தொகையைக் கொடுத்துவிட்டு, தேதி வந்ததும் "இன்னும் ஆறு மாசம்" என்று கேட்டால் உங்களிடம் ஒன்றும் இல்லை. முத்திரைப் பத்திரத்தில் இருவரும் கையெழுத்துப் போட்ட உடன்படிக்கையும் பாதிப் பாதுகாப்புத்தான். அவர் மீறினால் நீங்கள் மறுபடி முதலிலிருந்து மனுப் போட வேண்டியிருக்கும். அதனால் உடன்படிக்கையை லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) பதிவு செய்யுங்கள். கேஸ் போடுவதற்கு முன்பே தாலுக்கா சட்டப் பணிகள் குழுவில் விண்ணப்பிக்கலாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின்படி லோக் அதாலத் தீர்ப்பு சிவில் கோர்ட் டிக்ரிக்குச் சமம், அதன் மேல் அப்பீல் கிடையாது.

பலரும் கவனிக்காத ஒரு நுணுக்கம் இதில் உண்டு. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் உள்ள இடத்தில், இருவரும் ஒத்துக்கொண்டார்கள் என்பதாலேயே ஒழிப்பு ஆணை செல்லுபடி ஆகிவிடாது. சட்டம் சொல்லும் காரணங்களில் ஒன்று அதன் அடியில் இருக்க வேண்டும் என்பதை 1973-இல் கே.கே.சாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் பேசியது. ஆகவே "உரிமையாளரின் மகனுக்குக் கடை நடத்த இந்த முறி உண்மையாகவே தேவை என்பதை வாடகைதாரர் ஒப்புக்கொள்கிறார்" என்ற வரி உடன்படிக்கையில் இருக்கட்டும். அந்த ஒரு வரி இல்லாமல் பின்னால் வாதம் கிளம்பிய உடன்படிக்கைகள் உண்டு.

பணத்தைப் பேங்க் வழியாகக் கொடுங்கள். ஒரு பங்கு கையெழுத்தின்போது, பெரிய பங்கு சாவி கைக்கு வரும்போது. சாவி வாங்கும் நாளில் கரண்ட் பில், லைசென்ஸ், ஜி.எஸ்.டி. முகவரி மாற்றம் மூன்றும் முடிந்திருக்க வேண்டும். பழைய கடையின் ஜி.எஸ்.டி. பதிவு அதே கதவு எண்ணில் நின்றுகொண்டிருந்தால் உங்கள் பையனின் பதிவுக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் வரும். என் மேஜைக்கு வரும் அலைச்சல்களில் இதுவும் ஒன்று.

எப்போது இதுவே சரி: ஒரு வருடத்துக்குள் முறி வேண்டும், வாடகைக்காரருக்கு வேறு இடம் பார்க்க மனம் இருக்கிறது, உங்கள் கையில் பணம் இருக்கிறது. எப்போது வேண்டாம்: வாடகைக்காரர் இறந்து, வாரிசுகள் நாலைந்து பேராகப் பிரிந்து, ஒருவர் கையெழுத்துப் போட்டால் இன்னொருவர் மறுக்கும் நிலை. சட்டப்படி வாரிசுகள் எல்லாரும் வாடகைதாரர்கள். ஒருவருக்கு மட்டும் பணம் கொடுத்து முடியாது.

## இரண்டாவது வழி: சொந்தத் தேவை மனு

11(3)-ஆவது பிரிவு. உங்களுக்கோ உங்களைச் சார்ந்த குடும்பத்தினருக்கோ அந்த முறி நேர்மையான தேவைக்கு வேண்டும் என்று முன்சிப் (கீழ்நிலை சிவில் நீதிபதி) நிலையில் இருக்கும் வாடகைக் கட்டுப்பாட்டு நீதிமன்றத்தில் மனு. மகன் சம்பாதிக்கிறவன் ஆயிற்றே, அப்பாவைச் சார்ந்தவன் எப்படி என்று எதிர்த்தரப்பு கேட்கும். கடை போட அப்பாவின் கட்டிடத்தைத்தான் நம்பியிருக்கிறான் என்றால் அதுவும் சார்ந்திருப்பதுதான் என்பது இங்கே கோர்ட்டுகள் எடுத்துவந்திருக்கும் நிலை.

தேவை என்பதற்கு உச்ச நீதிமன்றம் 1999-இல் சிவ் சரூப் குப்தா வழக்கில் ஒரு அளவு வைத்தது: வெறும் ஆசை போதாது, உள்ளபடியே வேண்டும் என்ற நேர்மையான தேவை இருக்க வேண்டும். அது இருந்தால், எந்த முறி தனக்கு ஏற்றது என்று தீர்மானிப்பவர் உரிமையாளரே. வாடகைக்காரர் யோசனை சொல்ல முடியாது. "அவனுக்கு பேக்கரி அனுபவமே இல்லையே" என்ற வாதமும் நிற்காது. அனுபவம் இல்லாதவரும் புதுத் தொழில் தொடங்கலாம் என்று 2009-இல் ராம் பாபு அகர்வால் வழக்கில் சொல்லியாயிற்று. தேவையை எந்தத் தேதியை வைத்துப் பார்ப்பது? மனுப் போட்ட தேதியை வைத்து என்கிறது 2001-இல் வந்த கயா பிரசாத் தீர்ப்பு. கேஸ் இழுப்பதன் பலனை இழுத்தவரே அனுபவிக்கக் கூடாது என்பது அதன் உள்ளர்த்தம்.

இதையெல்லாம் கேட்டு முதலாளிகள் நிமிர்ந்து உட்கார்வார்கள். அடுத்த இரண்டு விதிவிலக்குகளில்தான் கேஸ் நிற்பதும் விழுவதும்.

ஒன்று, அதே ஊரில் உங்களுக்குச் சொந்தமான வேறு கட்டிடம் உங்கள் கைவசம் இருந்தால், தனிக் காரணம் காட்டாமல் ஆணை கிடைக்காது. மூன்று முறிகளில் ஒன்று காலியாக இருந்து, போன வருடம் நல்ல வாடகைக்கு வேறொருவருக்கு விட்டுவிட்டு, இப்போது பழைய வாடகைக்காரர் மேல் மட்டும் மனுப் போடுகிறவர்களைப் பார்க்கிறேன். அந்தப் புது வாடகைச் சீட்டு ஒன்றே உங்கள் நேர்மையைக் கேள்விக்குள்ளாக்கப் போதும். மாடிமுறி காலியாக இருந்தால் மறைக்காதீர்கள். உரம் விற்கும் கடைக்கு மூட்டையை மாடிக்கு ஏற்றி இறக்க முடியாது என்ற காரணத்தை மனுவிலேயே எழுதுங்கள்.

இரண்டு, வாடகைக்காரருக்கான பாதுகாப்பு. அவருடைய பிழைப்பு முக்கியமாக அந்தக் கடை வருமானத்தில்தான் நடக்கிறது, அதோடு அந்தத் தொழிலுக்குப் பொருத்தமான வேறு கட்டிடம் அந்த வட்டாரத்தில் இல்லை. இந்த இரண்டும் சேர்ந்து இருந்தால் அவரை ஒழிக்க முடியாது. நிரூபிக்கும் பொறுப்பு அவருடையது, இரண்டையும் நிரூபிக்க வேண்டும். ஒன்று தவறினாலும் பாதுகாப்பு போய்விடும். வருமான வரிக் கணக்கு, ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், வியாபாரக் கணக்குப் புத்தகம் எதுவும் இல்லாமல் "இதுதான் என் பிழைப்பு" என்று கூண்டில் சொன்னால் மட்டும் போதாமல் போகும். இதை வாடகைக்காரர்களுக்காகவே எழுதுகிறேன்: கணக்கை ஒழுங்காக வையுங்கள், உங்கள் கடையைக் காப்பாற்றப்போவது அந்தக் காகிதங்கள்தான். வேறு கட்டிடம் இல்லை என்பதற்கும் அதே வாடகைக்கு அதே முகப்போடு கிடைக்கவில்லை என்பது போதாது. காலி முறி இருக்கிறதா என்று நேரில் பார்க்கக் கோர்ட் அனுப்பும் வக்கீல் கமிஷனர் வருவார், முனிசிபாலிட்டியின் கட்டிட வரிப் பதிவேடு வரும். முதலாளி அங்காடியில் நடந்து காலி முறிகளைக் குறித்துவைக்க வேண்டும் என்று முதல் வழியில் சொன்னேன். அதே பட்டியல் இங்கேயும் பயன்படும்.

செலவுப் பக்கம். மூன்று முறிக்கு மூன்று வாடகைக்காரர் என்றால் மூன்று மனு. கீழ்க்கோர்ட்டுக்கு மேல் 30 நாளுக்குள் அப்பீல், அதற்கு மேல் எர்ணாகுளம் ஹைகோர்ட்டில் ரிவிஷன் (மறுசீராய்வு மனு). ஹைகோர்ட்டில் தோற்றாலும் காலி செய்து தருகிறேன் என்று எழுதிக் கொடுத்து வாடகைக்காரர் சில மாத அவகாசம் வாங்குவது சாதாரணம். தமிழில் எழுதிய வாடகைச் சீட்டு, ரசீது எல்லாவற்றுக்கும் மொழிபெயர்ப்புச் செலவு. வருடக்கணக்கில் பழைய வாடகையே வந்துகொண்டிருக்கும். இதில் ஒரு நிவாரணம் உண்டு: ஒழிப்பு ஆணைக்குத் தடை வாங்கும்போது, சந்தை வாடகைக்கு ஒத்த தொகையைக் கட்டும்படி கோர்ட் நிபந்தனை வைக்கலாம் என்று 2004-இல் ஆத்மா ராம் ப்ராபர்ட்டீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்பீல் நிலையில் இதைக் கேட்க மறக்காதீர்கள்.

அரைகுறை மனுவாகப் போட்டுத் தோற்பது பெரிய இழப்பு. அதே தரப்பினருக்குள் ஏற்கெனவே முடிவான விஷயத்தை மறுபடி கிளப்பினால் 15-ஆவது பிரிவின் கீழ் மனு எடுத்த எடுப்பில் தள்ளுபடி ஆகும். "சொந்த உபயோகத்துக்கு வேண்டும்" என்று ஒரு வரியில் எழுதாமல், என்ன கடை, யார் நடத்தப்போவது, முதல் எங்கிருந்து, ஏன் இந்த முறி என்று எழுதுங்கள். பையனையே சாட்சி சொல்ல வையுங்கள்.

ஆணை கிடைத்து முறி கைக்கு வந்தாலும் முடியவில்லை. ஒரு மாதத்துக்குள் தக்க காரணம் இல்லாமல் நீங்கள் அதில் குடிபுகாவிட்டால், அல்லது புகுந்து ஆறு மாதத்துக்குள் காலி செய்துவிட்டால், வெளியே போனவர் கோர்ட்டுக்கு வந்து அதே முறியைத் திரும்பக் கேட்கலாம். கூடுதல் வாடகைக்கு வேறொருவருக்கு விடுவதற்காகச் சொந்தத் தேவை என்று சொல்கிறவர்களுக்காகவே இந்த 11(12)-ஆவது பிரிவு. அந்த எண்ணம் மனதில் இருந்தால் கேஸ் போடாதீர்கள். ஒரு குடும்பத்தின் அடுப்போடு விளையாடுகிற காரியம் அது.

எப்போது சரி: தேவை உண்மை, உங்களுக்குக் காத்திருக்க முடியும், வாடகைக்காரருக்கு வேறு வருமானமோ வீதியில் காலி முறியோ இருக்கிறது.

## மூன்றாவது வழி: கூடுதல் இடம் கேட்பது

அதே கட்டிடத்தின் ஒரு பகுதியில் நீங்கள் ஏற்கெனவே கடை நடத்துகிறீர்கள், பக்கத்து முறியும் வேண்டும் என்றால் 11(8)-ஆவது பிரிவு. இங்கே கஷ்டத்தைத் தராசில் வைப்பார்கள். உங்களுக்குக் கிடைக்கும் நன்மையைவிட வாடகைக்காரருக்கு வரும் கஷ்டம் பெரிது என்றால் மனு தள்ளுபடி. நன்றாக ஓடும் ஜவுளிக்கடைக்குச் சரக்கு வைக்க இன்னொரு முறி, எதிரில் அந்த முறியையே நம்பி உட்கார்ந்திருக்கும் கைக்கடிகார ரிப்பேர்க்காரர் என்றால் தராசு எந்தப் பக்கம் சாயும் என்று நீங்களே ஊகிக்கலாம். நெரிசலில் வியாபாரம் தடைபடுகிறது என்பதைக் கணக்கிலும் போட்டோவிலும் காட்ட முடிந்தவர்களுக்கு மட்டும் இந்த வழி.

## நான்காவது வழி: இடித்துக் கட்டுவது

ஓட்டுக் கட்டிடம், சுவர் பிளந்திருக்கிறது, உண்மையாகவே இடிக்க வேண்டியது என்றால் 11(4)-இன் நான்காவது உட்பிரிவு நல்ல வழி. நான்கு விஷயம் காட்ட வேண்டும்: கட்டிடத்தின் நிலை, முனிசிபாலிட்டி அங்கீகரித்த பிளானும் தேவையான லைசென்ஸும், கட்டிமுடிக்கப் பணபலம், இது காலி செய்ய வைப்பதற்கான சாக்கு இல்லை என்பது.

"சொந்தத் தேவையை நிரூபிக்க வேண்டாமே, இது சுலபம்" என்று இதை எடுக்கிறவர்கள் இறுதி வரியைப் படிப்பதில்லை. புதிய கட்டிடத்தில் முறி பெறும் முதல் உரிமை வெளியே போன வாடகைக்காரருக்கு. நியாய வாடகை கொடுத்து அவர் திரும்ப வரலாம். மகனுக்குக் கடை வேண்டும் என்று தொடங்கியவர், கடன் வாங்கிக் கட்டி முடித்து, அதே ஆளுக்குச் சாவியைக் கொடுக்கும் நிலை வரலாம். கோர்ட் குறித்த காலத்துக்குள் கட்டாவிட்டால் அவரை மறுபடி உள்ளே வைக்கவும், வேறிடத்தில் அவர் கூடுதலாகக் கொடுக்கும் வாடகையை உங்களிடம் வசூலிக்கவும் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. பிளான் காலாவதி, பேங்க் கடன், கட்டும் மாதங்களில் எந்த முறியிலிருந்தும் வாடகை இல்லாமை எல்லாம் உங்கள் தலையில்.

இரண்டு முறியை ஆறாகப் பெருக்கும் அளவு இடமும் பணமும் இருந்தால், பழையவருக்கு ஒன்று, பையனுக்கு ஒன்று என்று எல்லாருக்கும் பொருந்திவரும். அந்த நிலையில் நானே இதைத்தான் சொல்வேன்.

## ஐந்தாவது வழி: வேறு முறியில் தொடங்குவது

சொந்த முறி இருக்கும்போது அடுத்தவனுக்கு வாடகை கொடுப்பதா என்று கௌரவம் தடுக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். வெளியே 15,000 கொடுத்து, உள்ளே 6,000 வாங்கினால் மாதச் சுமை 9,000. கடை ஓடத் தொடங்கினால் அது பெரிய தொகை இல்லை. ஓடாது என்றால், இருபது வருட வாடகைக்காரரை வெளியேற்றாமலே அந்த உண்மை ஒரு வருடத்தில் தெரிந்துவிடும்.

"வேறு இடத்தில் கடை போட்டால் என் கேஸ் போய்விடுமே" என்ற பயம் தேவையில்லை. சட்டம் தடையாகச் சொல்வது உங்களுக்குச் சொந்தமான வேறு கட்டிடத்தை. வாடகைக்கு எடுத்த முறி அதில் சேராது. கேஸ் முடியும்வரை பையன் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும் என்று எந்தக் கோர்ட்டும் எதிர்பார்ப்பதில்லை. வாடகை முறியில் ஓடிக்கொண்டிருக்கும் கடையைச் சொந்த முறிக்கு மாற்ற வேண்டும் என்பது, நாளைக்குத் தொடங்கப்போகிறேன் என்பதைவிட உறுதியான தேவை.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | பேசி முடிப்பது | சொந்தத் தேவை மனு | கூடுதல் இடம் | இடித்துக் கட்டுவது | வேறு முறி |
|---|---|---|---|---|---|
| முறி கைக்கு வருவது | மாதங்களில் | அப்பீல் போனால் வருடங்களில் | அதேபோல் | கேஸும் கட்டுமானமும் சேர்ந்து | உடனே கடை, சொந்த முறி இல்லை |
| நீங்கள் காட்ட வேண்டியது | ஒன்றும் இல்லை, ஆனால் தேவை எழுத்தில் இருக்கட்டும் | நேர்மையான தேவை, வேறு சொந்தக் கட்டிடம் இல்லாமை | நெரிசல், கூடுதல் தேவை | நிலை, பிளான், பணம், சாக்கு அல்ல என்பது | ஒன்றும் இல்லை |
| வாடகைக்காரர் கேடயம் | அவர் சம்மதம் | பிழைப்பு, வேறு முறி இல்லாமை இரண்டும் | கஷ்டத்தின் எடை | திரும்ப வரும் முதல் உரிமை | தேவையில்லை |
| மறைந்திருக்கும் செலவு | எழுத்துச் சரியில்லாவிட்டால் கொடுத்த பணம் | பழைய வாடகையில் கழியும் வருடங்கள் | தோற்றால் பக்கத்துக் கடையோடு பகை | கடன், வாடகை இழப்பு | மாத வித்தியாசம் |
| பிறகு கட்டுப்பாடு | உடன்படிக்கையில் எழுதியது | ஒரு மாதத்தில் குடிபுக வேண்டும், ஆறு மாதம் விடக் கூடாது | பெரிதாக இல்லை | குறித்த காலத்தில் கட்டி முடிப்பது | இல்லை |

## வழி ஆகாதவை

பூட்டுப் போடுவது, கரண்டைத் துண்டிப்பது, தண்ணீரை நிறுத்துவது. 13-ஆவது பிரிவு வசதிகளைத் துண்டிப்பதைத் தடுக்கிறது. பூட்டி வெளியேற்றினால் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு அவர் திரும்ப உள்ளே வரலாம். உங்கள் நேர்மையைப் பற்றிக் கோர்ட் என்ன நினைக்கும் என்பது வேறு.

வாடகை பாக்கி என்ற காரணத்தையும் தனியாக நம்பாதீர்கள். ரிஜிஸ்தர் நோட்டீஸ் கொடுத்து 15 நாள் பொறுக்க வேண்டும். ஆணை வந்த பிறகும் பாக்கி, வட்டி, செலவு மூன்றையும் கட்டினால் அவர் ஆணையையே ரத்து செய்துகொள்ள முடியும். ஆனால் மற்ற மனுக்களோடு சேர்த்துப் போடுவதில் பயன் உண்டு: ஒப்புக்கொண்ட பாக்கியைக் கட்டாமல் அவரால் கேஸை எதிர்த்து நடத்த முடியாது என்கிறது 12-ஆவது பிரிவு.

## என் தீர்ப்பு, யாருக்கு எது

கொழிஞ்சாம்பாறை வீதியில் இரண்டு முறி, ஒரு வாடகைக்காரருக்குப் பென்ஷன் வருகிறது, இன்னொருவருக்குக் கடையே பிழைப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். பென்ஷன்காரர் முறியைக் கேளுங்கள், அது ஒரு அடி சின்னதாக இருந்தாலும். அவரோடு முதலில் பேசுங்கள். மூன்று மாதத்தில் பேச்சு நகராவிட்டால் மனுப் போட்டுவிட்டு, பேச்சை நிறுத்தாமல் தொடருங்கள். கேஸ் நம்பர் விழுந்த பிறகுதான் பல பேச்சுகள் முடிகின்றன, மீடியேஷனுக்கு அனுப்பக் கோர்ட்டிடமே கேட்கலாம். பையன் அதற்குள் வேறு முறியில் தொடங்கட்டும். ஒன்று, இரண்டு, ஐந்து என்ற மூன்று வழிகளையும் இப்படிச் சேர்த்து நடத்துவதைத்தான் பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்கிறேன். கடையே பிழைப்பு என்று இருப்பவர் மேல் மட்டும்தான் கேஸ் போட முடியும் என்ற நிலையில், அவருக்கு உட்கார ஒரு முறி உங்கள் கையில் இல்லாமல் மனுவில் கையெழுத்துப் போடாதீர்கள். சட்டத்திலும் உங்கள் நிலை பலவீனம், மனிதத்திலும் சரியில்லை.

எந்த வழியில் போனாலும் சாவி கைக்கு வரும் நாளுக்கு முன்பே தயாராக இருக்க வேண்டிய காகிதங்கள் உண்டு: முனிசிபாலிட்டி அல்லது பஞ்சாயத்து வியாபார லைசென்ஸுக்கு விண்ணப்பம், கரண்ட் கனெக்‌ஷன் யார் பேரில் இருக்கிறது என்ற விவரம், கட்டிட வரி ரசீது, பையன் பேரில் உங்கள் சம்மதக் கடிதம். கோர்ட் ஆணை மூலம் வந்த முறியாக இருந்தால், ஒரு மாதக் கெடு சாவி வாங்கிய நாளிலிருந்தே ஓடும். அலமாரி அடிக்கும் ஆசாரிக்கு அட்வான்ஸ் அதற்கு முந்தின வாரமே போயிருக்கட்டும். முதல் சரக்கு பில்லையும் முதல் விற்பனை பில்லையும் பத்திரமாக எடுத்துவையுங்கள்.